மோட்டார் அறையில் ஒரு தலையணை

எங்கள் சங்கம் கட்டிய கட்டடத்தின் மோட்டார் அறையில் ஒரு தலையணை இருந்தது. திருடன் யாரோ ஒளிந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, எவனாவது குடித்துவிட்டு வந்து படுத்திருப்பான் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். நீலத் துணியில் மஞ்சள் பொட்டு. அந்த உறையைத் தைத்தது நான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் எனக்குத் தையல் கடை இருக்கிறது. இந்தக் கட்டடத்துக்குக் குடி வந்த ஒவ்வொரு வீட்டுக்கும், கடையில் மிஞ்சிய சுடிதார் துணியில் ஒரு ஜோடித் தலையணை உறை தைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டில் இருக்காது. நீலத்தில் மஞ்சள் பொட்டு முதல் மாடி ஓரத்து வீட்டுக்குப் போனது. அது லாத்தாவின் வீடு. லாத்தா என்றால் எங்களில் அக்கா. எனக்கு ரத்த சொந்தம் இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். சுக்குக் கிடங்கில் இஞ்சி தெரிந்தெடுக்கும் வேலை செய்பவர். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள்.

தலையணைக்குக் கீழே பாய் சுருட்டி இருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், திக்ரு ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணிமாலை, தைலக் குப்பி. அந்த அறையில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும், மிஞ்சிய டைல்ஸும், காய்ந்த பெயிண்ட் டப்பாக்களும் போக, ஒரு ஆள் முடங்கிப் படுக்கத்தான் இடம் உண்டு. காலை நீட்டினால் கதவில் இடிக்கும். அந்தப் பெண்மணிக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் பல, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மிளகுக் கிடங்கைப் பலகையும் தார்ப்பாயும் வைத்துத் தடுத்துக் குடியிருந்தன. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் சுற்றுலாக்காரர்கள் பெருகப் பெருக, பழைய கிடங்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டலாக மாறின. எங்கள் கிடங்கின் சொந்தக்காரரும் விற்றுவிட்டார். பிள்ளைகள் மூத்திரம் போன சுவரில் இப்போது யாரோ வெள்ளைக்காரர் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கிறார். வெளியே வீடு பார்க்கப் போனால், பணயம் என்று மொத்தமாகப் பெரிய தொகையை முன்பணமாகக் கட்டு என்கிறார்கள். கிடங்கில் கூலி வேலை பார்க்கிறவள் எங்கே போவாள்?

பள்ளிவாசல் ஜமாஅத் ஒரு துண்டு நிலம் கொடுத்தது. எங்களைப் போலத் தாங்களே கூடி வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விட நினைக்கிறவர்களுக்குக் கை கொடுக்க எர்ணாகுளத்தில் ஒரு அறக்கட்டளை உண்டு. அவர்கள் வங்கியில் எங்களுக்காக ஜாமீன் நின்றார்கள், இஞ்சினியரை அனுப்பினார்கள், ஒரு கட்டடத்தை எப்படிப் பராமரிப்பது என்று வகுப்பு எடுத்தார்கள். நாங்கள் ஒரு சங்கம் ஆனோம். ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சண்டை போட ஒரு வாய் வேண்டும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என் வாயைப் பற்றி என் கணவரிடம் கேட்டால் நிறையச் சொல்வார்.

அறக்கட்டளைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வீடு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், அதை விற்கவோ உள்வாடகைக்கு விடவோ கூடாது, யார் பெயரில் இருக்கிறதோ அவள்தான் அதில் குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அதை வாசித்துக் காட்டியபோது நான் கை தட்டினேன். பெண்களைத் துரத்திவிட்டு அண்ணன் தம்பிகள் வீட்டைப் பிடுங்கிக்கொள்கிற கதையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த அறக்கட்டளையிலிருந்து இரண்டு நாளில் ஆள் வருகிறார்கள். பக்கத்து மனையில் இரண்டாவது கட்டடம் கட்ட உதவுவதா இல்லையா என்று முடிவு செய்ய, முதல் கட்டடத்தில் குடியிருப்பவர்களைப் பார்க்க வருகிறார்கள். அதற்காகக் கூட்டிப் பெருக்க வைக்கலாம் என்று வந்த இடத்தில்தான் இந்தத் தலையணை. லாத்தா வீட்டில் இல்லை என்று தெரிந்தால் வீடு போகும். இரண்டாவது கட்டடமும் போகலாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மருமகன் துரத்திவிட்டான், வேறென்ன? ஆறேழு மாதம் முன்புதான் லாத்தா மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தென்காசிப் பக்கத்துப் பையன், எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வேலை. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில், மணமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்தப் பையனுக்கு அது புதுசு. ஆனால் ஓட்டல் தொழிலாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் படுக்கும் அறையில் வருஷக்கணக்காகக் கிடந்தவனுக்கு, ஒரு படுக்கையறையும் ஹாலும் சமையலறையும் உள்ள வீட்டுக்கு வா என்றால் கசக்குமா? வந்தான். வந்து மாமியாரை மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டான். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

நேராக மாடி ஏறி அவனைக் கிழித்துத் தொங்கவிட நினைத்தேன். எதிரே இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி துணிவாளியோடு இறங்கி வந்தாள். மோட்டார் அறைக் கதவு திறந்திருந்ததையும், நான் நிற்பதையும் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. மெல்ல விசாரித்தேன். கட்டடத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கிறதே, யார் இவ்வளவு பொறுப்பாக மோட்டார் போடுகிறார்கள் என்று நான் கூட்டத்தில் பாராட்டினேனே, அது லாத்தாதான். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்ததும் சுவிட்சைத் தட்டிவிடுவார். எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க செக்ரட்டரி இல்லையா" என்றாள். அது என்னைப் பொட்டில் அடித்தது போல் இருந்தது. இவர்களோடு ஒரே கிடங்குச் சந்தில் ஓடி விளையாடி வளர்ந்தவள் நான்.

மருமகன் துரத்தினானா என்று கேட்டதற்கு அவள் பதறிவிட்டாள். பாவம் அது, ஒன்றும் அறியாத பிள்ளை என்றாள். அவனுக்கே இது தெரியாதாம். தோப்பும்படியில் தங்கை வீட்டில் மாமி படுக்கிறார் என்று மகள் சொல்லி வைத்திருக்கிறாளாம். மீதியை லாத்தாவிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மோட்டார் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். லாத்தா தூக்குச் சட்டியோடு வந்தார். சேலையெல்லாம் சுக்கு வாசம். என்னைப் பார்த்து அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றினார், உள்ளே போய்ப் பாயை விரித்தார், தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார். விருந்தாளியை வரவேற்கிறவர் போல.

"சாயா குடிக்கியா தங்கச்சி? மேலே போய்ப் போட்டுட்டு வரலாம்னா அவரு வந்திருப்பாரு."

அவர் என்றால் மருமகன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் வந்தால் என்ன என்று கேட்டேன். லாத்தா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"உனக்கும் சொல்லித்தான் தெரியணுமா? நீயும் எங்க ஆளுதானே."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் குடும்பங்களில் மருமகன் முன்னால் மாமியார் வருவதில்லை. முகம் காட்டுவதில்லை, நேராகப் பேசுவதில்லை. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை, இது நாங்கள் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த வழக்கம். என் உம்மாவும் அப்படித்தான் இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கணவருக்கு என் உம்மா என்றால் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், திரைக்குக் கீழே நீளும் ஒரு சாயா கிளாஸ், அவ்வளவுதான். உம்மா மவுத்தாகும் தறுவாயில் ஆஸ்பத்திரியில்தான் என் கணவர் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார். எனக்கு அது ஒருநாளும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் பின்வாசல் இருந்தது.

கிடங்கிலும் இருந்தது. ஒவ்வொரு தடுப்புக்கும் பின்னால் ஒரு திறப்பு, அதற்கு அப்பால் பெண்கள் நடக்க ஒரு ஒடுக்கமான சந்து. ஆண்கள் முன்பக்கம் வந்து போவார்கள். நாங்கள் பின்பக்கம் போவோம், வருவோம், அரைப்போம், குளிப்போம், சண்டை போடுவோம். மழையில் கூரை ஒழுகும், எலி ஓடும், கக்கூஸுக்கு வரிசை நிற்க வேண்டும். ஆனால் மருமகன் ஹாலில் உட்கார்ந்திருந்தால் மாமியார் வீட்டுக்குள் வர வழி இருந்தது.

புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே கதவு. கதவைத் திறந்தால் ஹால். ஹாலைக் கடந்துதான் சமையலறை, ஹாலைக் கடந்துதான் படுக்கையறை, ஹாலைப் பார்த்துத்தான் கக்கூஸ்.

வரைபடம் போடும்முன் அறக்கட்டளை அனுப்பிய இஞ்சினியர்ப் பெண் மூன்று நாள் கிடங்கில் வந்து பாயில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் கேட்டாள். நல்ல பெண், அவள் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றாள். தண்ணீர் வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வேண்டும் என்றார்கள். சிலிண்டர் வைக்க இடம், பாத்திரம் அடுக்கத் தட்டு, காற்று வர ஜன்னல். பின்வாசல் வேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்துக்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குத் தரை வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் இதுவும். இருக்கும், இல்லாமல் எப்படி ஒரு வீடு என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்திருக்கிறோம்.

லாத்தா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். மருமகன் விடியுமுன் வேலைக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பிவிடுவான். மகள் எர்ணாகுளத்தில் ஜவுளிக்கடையில் வேலை, வந்து சேர ராத்திரி ஆகிவிடும். கல்யாணமான புதிதில் லாத்தா சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்வார். அவன் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பான். அவன் எழுந்து படுக்கையறைக்குப் போகும்வரை இவர் அடுப்படியில் நிற்பார், உட்காருவார், மறுபடி நிற்பார். கக்கூஸ் போக வேண்டும் என்றால் அவனைக் கடக்க வேண்டும். அதனால் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கிடங்கில் சுக்குத் தூசியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, தொண்டை காய, தண்ணீரும் குடிக்காமல், அடக்கிக்கொண்டு. ஒருநாள் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்று ஊசி போட்டார்கள். டாக்டரம்மா, தண்ணீர் நிறையக் குடிங்க, அடக்கி வைக்காதீங்க என்றாராம்.

"அதுக்கப்புறம்தான் இந்த ரூமு ஓர்மை வந்தது" என்றார். "கீழே பைப் இருக்கு, வாட்ச்மேன் கக்கூஸ் இருக்கு. கிடங்கைப் பாத்தா இது எவ்வளவோ மேலு. ஒழுகாது. கொழப்பம் ஒண்ணும் இல்ல."

வீட்டுக்குள் கக்கூஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிய பெண், அதே கக்கூஸுக்குப் போக முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

ஆபீஸர்களை அழவைத்த வாயால் வாதாடினேன். அவன் உங்களுக்கு மகன் முறை, முன்னால் போனால் என்ன, பள்ளிவாசல் ஆலிமே சொல்லியிருக்கிறார் தப்பில்லை என்று. லாத்தா சிரித்தார்.

"ஆலிமு சொன்னது சரிதான். என் காலு கேக்கணுமே."

என் வீட்டுக்கு வந்து படுங்கள் என்றேன். ஒருநாள் இரண்டுநாள் வரலாம், அடுத்தவர் வீட்டில் எத்தனை நாள் என்றார். அறக்கட்டளைக்காரர்கள் வருவதைச் சொன்னேன், வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்கள் அதில் இல்லாவிட்டால் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவார்கள் என்று சொன்னேன். முதல் தடவையாக லாத்தாவின் முகம் மாறியது. அவர் பயந்தது தனக்காக இல்லை என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. அது மகள் வீடு, அதை எப்படி வாங்குவார்கள் என்று கேட்டார். எங்களில் தாய் வீடு தேடுவது மகளுக்குக் கொடுக்கத்தான். கட்டடத்துக்குப் பெயர் எழுதிய அன்று, உங்களுக்கு வீடு வேண்டுமா லாத்தா என்று நான் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாரே, அதை வீடில்லாத ஒரு விதவையின் கண்ணீர் என்று அறக்கட்டளைக்கு மலையாளத்தில் உருக உருகச் சொன்னேன். மகளுக்கு மாப்பிள்ளை தேடலாம் என்ற சந்தோஷத்தில் அழுதிருக்கிறார்.

மறுநாள் நாலு மணிக்கு, எதிர்ச் சாயாக்கடையில் அந்தப் பையனைப் பிடித்தேன். லாத்தா என்னை மன்னிக்கமாட்டார் என்று தெரியும். ஆனால் அவனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பழம்பொரியைக் கையில் வைத்தபடியே கேட்டான். கேட்டு முடித்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வர்றேன்னா அவங்க வெளிய போறாங்க?" என்றான். பழம்பொரியைத் தட்டில் வைத்துவிட்டு, "எங்க ஊர்ல மாமியா பக்கத்துல உக்காந்துதாங்க்கா சோறு திம்போம். நான் என்னமோ அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைனு நெனச்சிட்டிருந்தேன்."

சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை மாதமாக அவன் அந்த வீட்டில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறான், பிடிக்காதவர் வீட்டில் இருக்கிறோமே என்று. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் நின்றேன். திட்ட ஆள் கிடைக்காத கோபம் போல ஒரு கொடுமை இல்லை.

அவன் எழுந்து நேராக மோட்டார் அறைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். லாத்தா அப்போதுதான் வந்து பாயை விரித்துக்கொண்டிருந்தார். அவன் நிழல் விழுந்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மோட்டாருக்கும் சுவருக்கும் இடையில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் வாசலிலேயே நின்று, மாமி மேலே வாங்க, அது உங்க வீடு என்றான். நீங்க வரலைன்னா நான் ஓட்டல் ரூமுக்கே போயிடறேன், வாரத்தில் ஒருநாள் வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். லாத்தாவின் தோள் குலுங்கியது. சுவரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார்.

"தங்கச்சி, அப்படிச் சொல்ல வேணாம்னு சொல்லு. மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிட்டாருன்னு என் புள்ளையைப் பேசுவாங்க. அவரு மேலே போகட்டும். நான் இங்க சுகமா இருக்கேன்."

ஒரு கை தூரத்தில் நிற்கிறவனிடம் நான் அதைத் திரும்பச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறிப் போனான். இரண்டு நல்ல மனிதர்கள், நடுவில் ஒரு நல்ல வீடு.

அறக்கட்டளையிலிருந்து வந்தவர்கள் ஒரு அம்மாளும், எங்களுக்குத் தெரிந்த அந்த இஞ்சினியர்ப் பெண்ணும். லாத்தாவை அன்று ஒருநாள் வீட்டில் உட்கார வைத்துச் சமாளித்துவிடலாம் என்று சங்கத்தில் எல்லோரும் என்னை நெருக்கினார்கள். இரண்டாவது கட்டடத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்துப் பார் என்றார்கள். நினைத்தேன், அதனால்தான் அந்த அம்மாளை முதலில் மோட்டார் அறைக்குக் கூட்டிப் போனேன். இதே மாதிரி இன்னொரு கட்டடம் கட்டி இன்னும் எத்தனை பேரை வெளியே அனுப்புவது?

தலையணை, பாய், தைலக் குப்பி எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். இஞ்சினியர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே ஓடிப்போய் லாத்தா வீட்டுச் சமையலறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், பின்னால் பைப் இறங்கும் பக்கத்தில் கதவு திறக்க முடியுமா என்று அளந்தாள். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அந்தச் சுவர் கட்டடத்தைத் தாங்குகிற சுவர், அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெளி, அப்பால் அடுத்தவர் நிலம். இந்தக் கட்டடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அந்த அம்மாள் பெரிய மனசுக்காரி. வீட்டைப் பிடுங்குவார் என்று நாங்கள் நடுங்கியபடி ஒன்றும் நடக்கவில்லை. லாத்தா இதே கட்டடத்தில்தானே இருக்கிறார், மேலே சமைக்கிறார், மேலே குளிக்கிறார், அதனால் குடியிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றார். இரண்டாவது கட்டடத்துக்கும் உதவுகிறோம், அதில் எல்லா வீட்டுக்கும் பின்வழி வைத்து வரையலாம் என்றார். வெளியே நின்ற பெண்கள் சந்தோஷத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நிஜமாகவே சந்தோஷமான செய்திதான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் உறைத்தது. இந்த நிமிஷத்திலிருந்து மோட்டார் அறையில் படுப்பதும் குடியிருப்புதான், சங்கமும் அறக்கட்டளையும் சேர்ந்து ஒத்துக்கொண்டாயிற்று.

கிளம்புமுன் அந்த அம்மாள் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு இப்போதைக்கு நாங்கள் என்ன செய்து தரட்டும் என்று மலையாளத்தில் கேட்டார். லாத்தாவுக்கு மலையாளம் நன்றாகவே வரும். இருந்தாலும் வெட்கப்பட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொல்லு. பெயிண்ட் டப்பாவையும் எடுத்துட்டா நல்லது. இன்னொரு பாய் விரிக்கலாம்."

இன்னொரு பாய் யாருக்கு என்று கேட்டேன். லாத்தா கூட்டத்தில் நின்ற இரண்டாம் மாடிப் பெண்ணைக் கண்ணால் காட்டினார். அன்று துணிவாளியோடு இறங்கி வந்தவள்தான். அவள் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்றாம், பெருநாள் கழித்து நிக்காஹ். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். மகளுக்குக் கல்யாணம் கூடிய தாயின் சிரிப்பு. அதில் துளிக்கூட வருத்தம் இல்லை. எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நானே கடைத்தெருவுக்குப் போனேன். இரும்புக் கடைக்காரர் பெரிதும் சின்னதுமாகத் தாழ்ப்பாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். எந்த ரூமுக்கு என்று தெரிந்தால்தான் அளவு சொல்ல முடியும் என்றார். பெட்ரூமுக்கு என்றேன்.